வகுப்பறைக்குள் வரும் தொழிற்சாலை

'செய்து கற்றல்' என்னும் கோட்பாட்டை எதிர்ப்பார் இன்று கல்வியுலகில் எவருமிலர். எதிர்ப்பாரில்லாத கோட்பாடுகளுக்கு நேரும் கதியே இதற்கும் நேர்ந்துள்ளது. அதனைப் போற்றுவோர் பலர். அதன் பெயரால் வகுப்பறையில் நடைபெறுவது யாது என ஆராய்வோர் மிகச் சிலர். குழுவாகச் செய்தால் நல்லது, கையாற் செய்தால் இன்னும் நல்லது, பிள்ளைகள் சிரித்து மகிழ்ந்தால் மிக நல்லது என்னும் அளவிலேயே மதிப்பீடு நின்றுவிடுகின்றது. பிள்ளை ஈற்றில் எதனைக் கற்றது என்னும் வினா எழுப்பப்படுவதேயில்லை.

இதற்குத் தக்க உதாரணம், தொழிற்சாலைகளின் தொடர்வரிசை உற்பத்தியைச் சிறுவர்க்கு விளக்கும் குழு விளையாட்டாகும். பல நாடுகளின் ஆசிரியர் கைந்நூல்களிலும் ஏறக்குறைய ஒரே வடிவில் அது காணப்படுகின்றது. பிள்ளைகள் முதலில் தனித்தனியே அமர்ந்து காகிதத்தால் ஏதேனும் ஒரு பொருளை முழுமையாகச் செய்கின்றனர். பின்னர் ஒரு வரிசையில் அமர்ந்து, ஒருவர் மடிக்க, மற்றவர் வெட்ட, மூன்றாமவர் ஒட்ட, பொருள் கைமாறிக் கைமாறிச் செல்கின்றது. இரு முறைகளிலும் கிடைத்த எண்ணிக்கை ஒப்பிடப்படுகின்றது. 'தொழிற் பகுப்பு உற்பத்தியைப் பெருக்கும்' என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகின்றார். மணி அடிக்கின்றது, பாடம் முடிகின்றது.

பாடம் முடியும் அந்த இடமே உண்மையில் அது தொடங்க வேண்டிய இடமாகும். வரிசையை அமைத்தவர் யார், அதன் வேகத்தை விதித்தவர் யார், வரிசையில் வேலை தேங்கியபோது பழி யார்மேல் விழுந்தது, மிகுதியாகக் கிடைத்த பொருள் யாருக்குச் சேர்ந்தது என்னும் வினாக்களை விலக்கிவிட்டுக் கற்பிக்கப்படும் தொடர்வரிசைப் பாடம் அரைப் பாடமே. அந்த அரைப் பாடம் வேறிடங்களில் குறைபாடுடையது என்ற அளவில் நின்றுவிடலாம். மாத்தளை மாவட்டத்தின் தோட்டப் பாடசாலை ஒன்றிலோ அது தீங்கானது.

மாத்தளையை ஏன் தனித்துச் சுட்ட வேண்டும் என்று கேட்கலாம். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையிறங்கிய தொழிலாளர், தம்புள்ளை, நாலந்தை வழியாகக் கால்நடையாக வந்து சேர்ந்த மலைநாட்டு வாயில் மாத்தளையே. கண்டியிலிருந்து புகையிரதப் பாதை இவ்வூரை எட்டியது 1880 இல். மாவட்டத்தின் வடபால் வரண்ட வலயத்து நெல்வயல்களும் மரக்கறித் தோட்டங்களும் உள. தென்பால் எல்கடுவை, இறத்தோட்டை, உக்குவளை முதலாய மலைப்புறங்களில் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் மிளகும் உள. இத்தென்பகுதித் தோட்டங்களின் பிள்ளைகள் 'வரிசை' என்பதைக் கரும்பலகையில் முதன்முதலாகக் காண்பவர்கள் அல்லர். அவர்கள் பிறந்த வீட்டுக்கே 'லயம்' என்று பெயர். வரிசை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லான 'லைன்' என்பதே தோட்டத்து வாய்மொழியில் லயமாயிற்று. அவர்தம் தாய்மார் விடியலிற் பிரட்டுக்களத்தில் பெயர் பதிந்து, கங்காணி காட்டிய நிரையிற் சென்று கொழுந்தெடுக்கின்றனர். நிரை என்பதும் வரிசையே. அக்காமாரிற் சிலர் ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்கின்றனர். 1978 இல் கட்டுநாயக்காவில் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயமும், 1992 இல் ஜனாதிபதி பிரேமதாச ஆட்சியில் கிராமப்புறங்களுக்கெனத் தொடக்கப்பெற்ற 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டமும், 'லைன்' என்னும் அதே சொல்லைத் தையல் இயந்திர வரிசைக்கு வழங்கின. லயத்தில் உறங்கி, நிரையில் நடந்து, லைனில் அமரும் வாழ்க்கையின் நடுவிலிருந்து வருகின்ற பிள்ளைக்கு, வரிசை வேகமானது, ஆகவே நல்லது என்று மட்டும் கற்பித்து அனுப்புவது கல்வியாகுமா?

விளையாட்டையே முதலில் நுணுகி நோக்குவோம் எனின், அதன் முடிவும் எண்ணுவது போல் எளிதன்று என்பது புலப்படும். பழைய செய்தித்தாளிற் கடைக்காரர் மிளகு கட்டிக் கொடுக்கும் காகிதப் பையை எடுத்துக்கொள்ளலாம். அதனைச் செய்வதில் அளத்தல், வெட்டல், மடித்தல், பசை பூசி ஒட்டல், அடிப்புறம் அமைத்தல், முத்திரையிடல் என ஆறு வேலைகள் உள எனக் கொள்வோம். பசை பூசி ஒட்டுவதற்கு 20 விநாடியும் ஏனைய ஒவ்வொன்றுக்கும் 10 விநாடியும் செல்லுமாயின், ஒரு பைக்கு 70 விநாடி வேண்டும். ஆறு பிள்ளைகள் தனித்தனியே பத்து நிமிடம் வேலை செய்தால் ஒவ்வொருவரும் எட்டுப் பைகளை முடிப்பர், மொத்தம் 48. அதே ஆறு பேரும் வரிசையில் அமர்ந்தால், முதற்பை 70 ஆவது விநாடியில் வெளிவரும். அதன்பின் பசைக்காரப் பிள்ளையின் வேகத்துக்கேற்ப 20 விநாடிக்கு ஒன்றாகவே பைகள் வரும். பத்து நிமிடத்தில் 27 பைகளே முடிவடையும். தொழிற் பகுப்பு உற்பத்தியைப் பெருக்கவில்லை; ஏறக்குறைய அரைவாசியாகக் குறைத்துவிட்டது! அதுமட்டுமன்று, பசைக்காரப் பிள்ளையின் முன்னால் ஒட்டப்படாத காகிதங்கள் ஏறத்தாழ முப்பது குவிந்து கிடக்கும்.

இனி, பசை பூசுவதற்கு இரண்டாவது பிள்ளையொன்றைச் சேர்ப்போம். வரிசையில் ஏழு பேர். 10 விநாடிக்கு ஒரு பை. பத்து நிமிடத்தில் 54 பைகள். அதே எழுவரும் தனித்தனியே செய்திருப்பின் 56 பைகள். ஆகவே, ஆள்களைப் பிரித்து அமர்த்துவதனால் மட்டும் எந்த மாயமும் நிகழ்வதில்லை. அடம் சிமித் 1776 இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில் இது தெளிவாகவே கூறப்பட்டுள்ளது. குண்டூசி செய்யும் வேலை ஏறக்குறையப் பதினெட்டுக் கூறுகளாகப் பகுக்கப்படுவதையும், பத்துப் பேர் கொண்ட சிறு பட்டறை ஒரு நாளில் 48,000 குண்டூசிகளைச் செய்வதையும் விளக்கிய அவர், அதற்கு மூன்று காரணங்கள் கூறினார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதாற் கை பெறும் பழக்கம் ஒன்று. ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது வீணாகும் நேரம் மிச்சப்படுதல் மற்றொன்று. எளிய கூறாகப் பிரிந்த வேலைக்கு இயந்திரம் அமைத்தல் எளிதாதல் பிறிதொன்று. மேலே காட்டிய கணக்கில் இம்மூன்றுக்கும் இடமளிக்கப்படவில்லை. அதனாலேயே வரிசை தோற்றது. வகுப்பறையில் பிள்ளைகளின் கை பழகப் பழக எண்ணிக்கை ஏறுவதையும், கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் பசையைத் தேடும் நேரம் மிச்சமாவதையும் அவர்களே அளந்து காணுமாறு செய்தல் வேண்டும். அவ்வாறு செய்யாமல் முடிவை முன்கூட்டியே கரும்பலகையில் எழுதுபவர் செய்து கற்பிக்கவில்லை; செய்வித்து நம்பவைக்கின்றார்.

ஆயினும் இந்த விளையாட்டின் உயிர்நாடி எண்ணிக்கையில் இல்லை. அது பசைக்காரப் பிள்ளையின் முன்னாற் குவிந்த காகிதத்தில் உள்ளது. காகிதம் குவியத் தொடங்கியதும் அளக்கும் பிள்ளை திரும்பிப் பார்க்கும். வெட்டும் பிள்ளை 'கெதியாய்ச் செய்' என்னும். வேலையின்றிக் காத்திருக்கும் முத்திரைப் பிள்ளை சினங்கொள்ளும். போட்டிக் குழுவொன்று அருகில் இருக்குமாயின் கூச்சல் இன்னும் மிகும். பசைக்காரப் பிள்ளை சோம்பேறியாகவும் கையாலாகாததாகவும் கருதப்படும். சற்று நேரத்தில் அப்பிள்ளை தன்னைத் தானே அவ்வாறு கருதவும் தொடங்கும். உண்மை என்ன? அப்பிள்ளை வரிசையில் உள்ள எவரையும் விடக் குறைவாக வேலை செய்யவில்லை. ஒரு கணமேனும் ஓய்ந்திருக்கவுமில்லை. இருமடங்கு நேரம் வேண்டும் வேலைக்கு ஒரே ஆளை அமர்த்திய ஏற்பாடே பிழையானது. ஏற்பாட்டின் பிழை ஆளின் குற்றமாக வேடமிட்டுத் தோன்றுகின்றது. இவ்வேடத்தைக் கலைப்பதே பாடம். அதனைக் கலைக்காமல் மணி அடித்துவிட்டால், அன்று அவ்வகுப்புக் கற்றது பொருளியல் அன்று. பக்கத்தில் இருப்பவரைக் குறைகூறும் பழக்கத்தையே கற்றது.

தோட்டத்து வாழ்வில் இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு இத்தனை கிலோ என்று நாளொன்றுக்கு அளவு விதிக்கப்படுகின்றது. அது நிறைந்தால் ஒரு 'பேர்'. நிறையாவிடின் 'அரைப் பேர்'. மழையின்றிக் கொழுந்து அருகியிருக்கலாம். களை பிடுங்காமலும் பசளை இடாமலும் மலை காடாகிக் கிடக்கலாம். செடிகள் முதுமையடைந்து விளைச்சல் வீழ்ந்திருக்கலாம். இவை யாவும் ஏற்பாட்டின் குறைகள். தராசின் முன்னால் நிற்கும்போதோ குறை அப்பெண்ணின் கையிலேயே காணப்படுகின்றது. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்டபோது, அச்சம்பளத்துக்கு எத்தனை கிலோ கொழுந்து என்னும் தகராறு பல தோட்டங்களில் உடனே எழுந்தமை இதனாலேயாம். ஆடைத் தொழிற்சாலையிலும் நிலைமை வேறன்று. மணிக்கு இத்தனை துண்டு என்னும் இலக்கு வரிசை முழுவதற்கும் விதிக்கப்படுகின்றது. கொலர் தைப்பவளிடம் துணி குவிந்தால் வரிசை முழுதும் அவளையே நோக்குகின்றது. மேற்பார்வையாளர் வாய் திறக்க வேண்டிய தேவையும் இல்லை. சக தொழிலாளியின் பார்வையே அவர் வேலையைச் செய்துவிடுகின்றது. வகுப்பறையிற் பசைக்காரப் பிள்ளையைப் பார்த்துக் கூவப் பழகிய பிள்ளை, நாளை அங்கே வேறு யாரைப் பார்த்துக் கூவும்? நாளை அங்கே பசைக்காரப் பிள்ளையாக அமர நேர்ந்தால், யாரை நொந்துகொள்ளும்?

தேயிலைத் தொழிற்சாலையைப் பாடமாகக் கொள்வோரும் இதே அரைப் பார்வையுடனேயே அதனைக் காட்டுகின்றனர். பாடசாலைச் சுற்றுலாக்களில், தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என வழங்கும் அத்தொழிற்சாலைக்குள் மாணவர் அழைத்துச் செல்லப்படுவதுண்டு. வாட்டுதல், உருட்டுதல், நொதிக்கவிடுதல், உலர்த்துதல், சலித்துத் தரம் பிரித்தல், பொதி செய்தல் என்று கட்டங்கள் விளக்கப்படுகின்றன. கொழுந்து பல மணி நேரம் வாடுவதும், உருளையில் நசுங்கிய இலை காற்றுப்பட்டுச் செம்பு நிறமடைவதும், வெப்பக் காற்றில் ஈரம் நூற்றுக்கு மூன்று என்ற அளவுக்கு இறங்குவதும் அறிய வேண்டியவையே. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகின்றது என்பதும் நல்ல கணக்கே. ஆனால் அவ்விளக்கத்தில் வரிசையின் முதலிடம் வாட்டும் மாடமாகின்றது. மலையில் நின்று இரண்டிலையும் மொட்டும் தெரிந்து கிள்ளிய கை வரிசைக்கு வெளியே தள்ளப்பட்டுவிடுகின்றது. அத்தெரிவு தவறினால் எந்த இயந்திரமும் நல்ல தேயிலையை ஆக்கித் தரமாட்டாது. தன் தாயின் கையே இவ்வரிசையின் முதற்கட்டம் என்பதை ஸ்டோருக்குட் சென்று வந்த பிள்ளை அறியாதிருக்குமாயின், அச்சுற்றுலா எதனைக் கற்பித்தது? ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 1867 இல் தேயிலை பயிரிட்டுத் தம் பங்களா விறாந்தையிலேயே இலையைக் கையால் உருட்டச் செய்தார் என்பது வரலாறு. அன்று ஒரே விறாந்தையில் நிகழ்ந்தது பின்னர் மலை, மாடம், இயந்திரம், ஏலச் சந்தை எனப் பிரிந்தது. பிரிந்தபோது மதிப்பும் பிரிந்தது. அது எவ்வாறு பிரிந்தது என்பதும் பாடத்தின் பகுதியே.

தொடர்வரிசை நாகரிகத்தின் தலைமகனாகப் போற்றப்படும் ஹென்றி போர்டின் கதையும் அரைகுறையாகவே சொல்லப்படுகின்றது. 1913 இல் அமெரிக்காவின் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் வரிசை அமைக்கப்பட்டதும், பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட காலம் எடுத்த மோட்டார் வாகனப் பொருத்துவேலை, சில மாதங்களில் ஏறக்குறைய 93 நிமிடமாகக் குறைந்ததும் பாடநூல்களில் உள. அதே ஆண்டில் தொழிலாளர் வேலையை விட்டு ஓடிய வீதம் நூற்றுக்கு 370 ஆக இருந்தது என்பது பாடநூல்களில் அருகியே காணப்படுகின்றது. நூறு இடங்களை நிரப்பி வைத்திருக்க ஓராண்டில் நானூறுக்கு அண்மித்த ஆள்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளொன்றுக்கு ஐந்து டொலர் என்னும் சம்பளம் அறிவிக்கப்பட்டமைக்கு இவ்வோட்டமும் ஒரு முதன்மைக் காரணமாகும். அச்சம்பளத்தை முழுமையாகப் பெறுவதற்குத் தொழிலாளியின் குடும்ப ஒழுக்கத்தையும் வீட்டு நிலையையும் சோதிக்கக் கொம்பனியின் விசாரணையாளர் வீடு தேடி வந்தனர். தோட்டத்துரையின் ஆணை லயத்து அறைக்குள்ளும் செல்லுபடியான வரலாற்றை அறிந்த மலையகத்துக்கு இது புதுமையன்று. வேலையை வரிசையாக்குபவர் நாளடைவில் வாழ்வையும் வரிசையாக்க முனைவர் என்பதற்கு டெட்ரோயிட்டும் மாத்தளையும் ஒருங்கே சான்று பகர்கின்றன.

தொழிற் பகுப்பின் இன்னோர் ஆபத்தைக் கற்பிக்க மாத்தளைப் பிள்ளையைக் கடல்கடந்து அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. நகருக்கு வடக்கே அண்மையிலேயே அலுவிகாரை உள்ளது. பௌத்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அங்கேயே முதன்முதல் எழுத்தில் வரையப்பெற்றது என்பது மரபு. அதுவரை அப்பெருந்தொகுதி மனனத்தால் காக்கப்பட்டது. தீக நிகாயத்தை ஒரு பிக்குக் குழுவும், மச்சிம நிகாயத்தை வேறொரு குழுவும் எனப் பகுத்துக்கொண்டு ஓதிவந்தனர். இதுவும் ஒரு வேலைப் பிரிவினையே. பஞ்சமும் போரும் நேர்ந்தபோது அதன் பலவீனம் வெளிப்பட்டது. மஹாநித்தேசம் என்னும் பகுதியை அறிந்தவர் ஒருவரே எஞ்சியிருந்தார் என உரைநூல் மரபு கூறும். ஒரு கண்ணி அறுந்தால் முழுச் சங்கிலியும் போய்விடும் என்பதை உணர்ந்தமையாலேயே முழுமையையும் ஏட்டில் ஏற்றிப் பொதுவாக்கினர். பகுதியை மட்டும் அறிந்தவர் பலர் இருப்பதாற் போதாது. முழுமை எங்கேனும் எல்லார்க்கும் எட்டுமாறு இருத்தல் வேண்டும் என்னும் இப்பாடத்தைச் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒருங்கே சென்று கண்டு கற்கலாம்.

இனி, எதிர்ப்புறத்தில் நிற்போரை நோக்குவோம். 'கத்தரிக்கோலும் பசையும் எதற்கு? பரீட்சைக்கு வராத விளையாட்டால் என்ன பயன்? தோட்டத்துப் பிள்ளைகள் தோட்டத்தை விட்டு வெளியேறப் படிக்க வருகின்றனர். அவர்களிடம் மறுபடியும் கைத்தொழிலைப் பேசலாமா?' என்பது இவர்தம் கூற்று. பரீட்சையையே கல்வியெனக் கொள்ளும் பகுதி இக்கூற்றில் மறுக்கத்தக்கது. பெற்றோரின் அச்சமாகிய பகுதியோ மதிக்கத்தக்கது. ஏனெனில் அவ்வச்சத்துக்கு வரலாறு உண்டு. 1920 ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆறு முதல் பத்து வயது வரை கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேல் வைத்தது. பத்து வயதுக்குப் பின் மலை காத்திருந்தது. இலவசக் கல்வி 1945 இல் நாடெங்கும் வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் பல பத்தாண்டுகள் வாயிலுக்கு வெளியிலேயே நின்றன. அரசு அவற்றைப் பெருமளவிற் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலிருந்தே. 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் கொணர்ந்த தொழில்முன்னிலைப் பாடங்கள் அவ்வப் பிரதேசத் தொழில்களையே பாடசாலைக்குள் அழைத்தன. நோக்கம் நல்லதாயினும், தந்தையின் தொழிலையே மைந்தனுக்கு விதிக்கும் சூழ்ச்சியோ என்னும் ஐயம் அன்று பலரிடத்தும் எழுந்தது. 1977 ஆட்சி மாற்றத்தின்பின் அச்சீர்திருத்தம் கைவிடப்பட்டது.

ஆயின், இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க முடிபு கைவேலையை வகுப்பறையிலிருந்து விரட்ட வேண்டும் என்பதன்று. தொழிலைப் பழக்குவது வேறு. தொழிலின் ஏற்பாட்டை ஆராயப் பழக்குவது வேறு. முன்னையது பிள்ளையை வரிசையில் அமர்த்தும். பின்னையது வரிசையை எழுந்து நின்று நோக்கச் செய்யும். அடம் சிமித் தாமும் தம் நூலின் ஐந்தாம் பாகத்தில், ஒருசில எளிய செயல்களையே வாழ்நாள் முழுதும் செய்பவனின் அறிவு மழுங்கிப் போகும் என எச்சரித்து, உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு அரசு கல்வியளிக்க வேண்டியதன் நியாயத்தை அதிலிருந்தே பெற்றார். குண்டூசிப் பட்டறையை ஓதுவோர் இந்த ஐந்தாம் பாகத்தை ஓதுவதில்லை. பொதுக் கல்வி என்பதே தொழிற் பகுப்பின் கேட்டுக்கு மாற்று மருந்தாகக் கருதப்பட்டது என்றால், அக்கல்விக்குள் தொழிற் பகுப்பைக் கேள்வியின்றி நுழைப்பது மருந்திலேயே நஞ்சைக் கலப்பதாகும்.

அவ்வாறாயின் இப்பாடம் எவ்வாறு நடத்தப்படல் வேண்டும்? முதலாவதாக, ஒவ்வொரு பிள்ளையும் முழுப் பொருளையும் ஒரு தடவையேனும் தானே செய்து முடித்தல் வேண்டும். முழுமையை அறியாத கைக்குப் பகுதியின் பொருள் விளங்காது. காந்தியடிகள் 1937 இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, பஞ்சிலிருந்து நூல்வரை முழுச் செயன்முறையையும் பிள்ளையின் கைக்கு உரியதாக்க எண்ணியது இக்காரணம் பற்றியே. இரண்டாவதாக, வரிசையில் இடங்கள் சுழன்று வருதல் வேண்டும். பசைக்கார இடத்தில் எல்லாரும் அமர்ந்து பார்த்தால், 'சோம்பேறி' என்னும் சொல் தானே அடங்கும். மூன்றாவதாக, காகிதம் குவிந்தவுடன் ஆட்டத்தை நிறுத்தி, ஏன் குவிந்தது என்று பிள்ளைகளையே கேட்டு, ஆளைப் பழிக்காமல் ஏற்பாட்டைத் திருத்தும் வழியை அவர்களையே காணச் செய்தல் வேண்டும். ஒருவரைக் கூட்டுவதா, வேலையை இரண்டாகப் பிரிப்பதா, மடிக்கும் முறையை மாற்றுவதா என்று அவர்கள் வாதிடட்டும். அந்த வாதமே பாடத்தின் உச்சம்.

நான்காவதாக, வரிசையை நிறுத்தும் உரிமை வரிசையில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வழங்கப்படல் வேண்டும். இது கனவன்று. ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலைகளில், குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து அறிவிக்கவும், குறை தீராவிடின் வரிசை நிற்கவும் ஏற்பாடு உண்டு. இலாபத்தையே குறியாகக் கொண்ட ஒரு நிறுவனம் தன் தொழிலாளிக்கு வழங்கும் உரிமையைப் பாடசாலை தன் பிள்ளைக்கு மறுப்பது வெட்கத்துக்குரியது. ஐந்தாவதாக, பைகளுக்கு ஒரு கற்பனை விலை வைத்து, மிகுதியாகக் கிடைத்ததை எவ்வாறு பகிர்வது என்று கணக்கிடச் செய்தல் வேண்டும். காகிதம் தந்தவருக்கு எவ்வளவு, மேற்பார்த்தவருக்கு எவ்வளவு, பசை பூசியவருக்கு எவ்வளவு? இங்கு ஒரே சரியான விடை இல்லை. விடையின்மையே இவ்வினாவைக் கேட்பதற்கு நியாயம். ஈற்றில், கொழுந்தெடுக்கும் தாயொருத்தியும் தையல் வரிசையில் இருந்த அக்காவொருத்தியும் வகுப்பறைக்கு வந்து, தத்தம் வரிசை பற்றிப் பேச அழைக்கப்படல் வேண்டும். தோட்டத்துப் பிள்ளையின் தாய் பாடசாலை வாயிலுக்குள் வருவது பெரும்பாலும் முறைப்பாட்டைக் கேட்பதற்கே. ஒரு நாளேனும் அவள் கற்பிக்க வரட்டும்.

'சிறு பிள்ளைகளின் விளையாட்டில் அரசியலைப் புகுத்துவதா?' என்று சிலர் முகஞ்சுளிப்பர். வேகமே நன்மை, தாமதிப்பவரே குற்றவாளி, ஏற்பாடு வினாவுக்கு அப்பாற்பட்டது என்னும் மூன்று கருத்துக்களும் அவ்விளையாட்டில் ஏற்கெனவே உள்ளன. அவை நிருவாகத்தின் அரசியல். வாய் திறவாமற் கற்பிக்கப்படுவதால் அவை அரசியல் அல்லவாகிவிடா. 'உலகம் வரிசையில்தான் இயங்குகின்றது. அதற்குப் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்வதே யதார்த்தம்' என்று வேறு சிலர் கூறுவர். சுவீடனில் வொல்வோ நிறுவனம் 1974 இல் கல்மார் நகரில் நகரும் பட்டியின்றிக் குழுக்களாக மோட்டார் வாகனம் பொருத்தும் தொழிற்சாலையை அமைத்து இருபது ஆண்டுகள் நடத்தியது. அது 1994 இல் மூடப்பட்டது உண்மையே. மூடப்பட்டதனால் அது நடைபெறவேயில்லை என்றாகிவிடாது. வரிசைக்கு ஒரே வடிவந்தான் உண்டு என்னும் கூற்றை அவ்விருபது ஆண்டுகள் பொய்யாக்கின. மனிதர் அமைத்ததை மனிதர் மாற்றியமைக்கலாம் என்பதை அறிந்த பிள்ளையே உலகுக்கு ஆயத்தமான பிள்ளை.

இவ்விடயம் தோட்டப் பாடசாலை ஆசிரியர்க்கு மட்டும் உரியதென்று பல்கலைக்கழகம் கைகழுவிவிட முடியாது. ஆசிரியர்க்கான கைந்நூல்களை எழுதுவோரும், அவ்வாசிரியர்களைப் பயிற்றுவோரும் இங்கிருந்தே செல்கின்றனர். அத்துடன், பல்கலைக்கழகம் தானும் ஒரு வரிசையாகவே இயங்கி வருகின்றது. பொருளியல் மாணவன் தொழிற் பகுப்பின் இலாபத்தை மனனஞ் செய்கின்றான். சமூகவியல் மாணவி லயத்து வாழ்வைக் கணக்கெடுக்கின்றாள். தமிழ் மாணவன் மலையக இலக்கியத்தின் துயரத்தை விதந்து கட்டுரை வரைகின்றான். கல்வியியல் மாணவி குழுச் செயற்பாட்டின் படிமுறைகளை வரிசைப்படுத்துகின்றாள். ஒருவர் கையிலிருப்பதை மற்றவர் காண்பதில்லை. நால்வரும் நான்கு பகுதிகளைச் செய்து முடிக்கின்றனர். முழுப் பொருள் எவர் கையிலும் உருவாவதில்லை. மாத்தளைத் தோட்டத்துப் பிள்ளை அம்முழுப் பொருளுக்காகவே காத்திருக்கின்றது.

காகிதப் பை ஒன்றின் விலை அற்பமானது. ஆனால் பசைக்காரப் பிள்ளையின் முன்னாற் குவிந்த காகிதத்தைச் சுட்டி, 'இது இவள் குற்றமன்று. இடம் பிழையாக அமைக்கப்பட்டுள்ளது. மாற்றுவோம்' என்று பத்து வயதுப் பிள்ளையொன்று எழுந்து கூறுமாயின், அவ்வகுப்பறையில் அன்று விளைந்தது காகிதப் பையன்று. நாளை தராசின் முன்னாலும், தையல் வரிசையின் நடுவிலும், தொழிற்சங்க மேடையிலும், நிருவாக மேசையின் எதிரிலும் அதே வாக்கியத்தைக் கூறவல்ல ஒரு மனிதப்பிறவி விளைந்துள்ளது. அத்தகையோரை விளைவிக்காத செயன்முறைக் கல்வி எத்துணை மகிழ்ச்சியூட்டினும், வரிசைக்கு ஆள் சேர்க்கும் வேலையன்றி வேறன்று.